மன்னார்த் தீவின் மணலும் நன்னீரும்: அகழ்வுக்குப் பின்னரான நிலமீட்பு குறித்து

அகழ்ந்த நிலத்தை மீட்டல் என்பது குழியை மூடுதல் என்ற பொருளிலேயே எமது நாட்டில் வழங்கி வந்துள்ளது. மன்னார்த் தீவைப் பொறுத்தவரை இப்பொருள் போதாதென்பதே எமது கருத்தாகும்.

வடபுலத்தின் நவீன அகழ்வு வரலாற்றைக் காங்கேசன்துறையிலிருந்து தொடங்கலாம். 1950இல் உற்பத்தியை ஆரம்பித்த சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் அயலிலேயே கிடைத்தது. களிமண்ணோ மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து சென்றது. ஆகவே மன்னாரின் மண் பிறிதோர் ஊரின் உலைக்குப் போவது புதுமையன்று. 1990இல் போர்ச் சூழலில் ஆலை மூடப்பட்டது. கல் வெட்டிய பெரும் பள்ளங்கள் எஞ்சின. அவ்வாலை பல குடும்பங்களுக்கு வாழ்வளித்ததை நாம் மறுக்கவில்லை. எனினும் பள்ளத்திற்குப் பொறுப்பாளர் யார் என்ற வினாவை அரசுடைமை தானாகத் தீர்த்துவிடவில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே அகழ்ந்த நிலத்தைச் சீராக்கல் உரிமதாரரின் கடமையென வரையறை பெற்றது.

மன்னாரில் இன்று தேடப்படுவது இல்மனைட் முதலான கனியங்கள் செறிந்த மணலாகும். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவுபெற்ற ரைற்றேனியம் சாண்ட்ஸ் நிறுவனம் தீவில் துளையிட்டு ஆராய்ந்துள்ளது. பாரமான கனியம் மணலில் நூற்றுக்குச் சில பங்கே. எஞ்சியதைத் திரும்பக் கொட்டிவிடலாம் என்பது இத்தகைய அகழ்வை ஆதரிப்போர் வாதம். கணக்கைச் சற்று நோக்குவோம். பத்து மீற்றர் ஆழம் அகழ்ந்து, கன அளவில் நூற்றுக்கு மூன்று பங்கு அகன்றால், மணல் பழையபடி இறுகியபின் தரை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தாழும். மலைநாட்டில் இது பொருட்டன்று. கடல் மட்டத்திற்குச் சில மீற்றரே உயர்ந்த தீவில் மழைநீர் எத்திசை வடியும் என்பதை இவ்வளவே நிர்ணயிக்கும்.

இதனினும் முக்கியமானது நிலத்தடி நீர். இத்தகைய தீவில் வடகீழ்ப் பருவமழை மணலில் இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையாகத் தங்குகிறது. நன்னீர் கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது நீரியல் விதி. மேலே ஓரடி குறைவது கீழே நாற்பதடி இழப்பதாகும். காற்றும் அலையும் படிவித்த மணலடுக்கின் ஒழுங்கைக் கழுவிக் கொட்டிய மணல் மீளப்பெறாது. பனை வேரோடிய மேடும் அவ்வாறே.

வடிகால் குறித்த அனுபவம் தீவுக்கு ஏலவே உண்டு. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பூங்காவின் முப்பது கோபுரங்களுக்கான பாதைகளும் அடித்தளங்களும் மழைநீரின் வழியை மறித்தன என்பது தென்கரை மக்களின் முறைப்பாடு. 2025 ஆகஸ்டில் மன்னாரில் திரண்டோர் புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் ஒருசேர எதிர்த்தனர். இவ்விரண்டையும் தொடர்பற்றவையெனப் பிரித்துப் பார்ப்பது, கொழும்பிலிருந்து நோக்குவோர்க்கே இயலும்.