கிரெப்: கட்டளை பெயரான கதை

‘கிரெப் பண்ணிப் பாருங்க, கிடைச்சிடும்’ என்பது கணினித் துறையில் அன்றாடப் பேச்சு. கோப்புகளுக்குள் புகுந்து கேட்ட சொல் வரும் வரிகளை எடுத்துத் தரும் கட்டளை அது. ஆங்கில அகராதி வழியே போனால் இதற்கு வேர் கிடைக்காது. யுனிக்ஸ் இயங்குதளத்தில் ‘எட்’ என்றொரு உரைதிருத்தி உண்டு. அதில் தேட ‘ஜி/ரெ/பி’ (g/re/p) என்ற அமைப்பில் கட்டளை இடுவார்கள். ‘ஜி’ என்றால் கோப்பு முழுவதும். ‘ரெ’ நிற்கும் இடத்தில் தேடவேண்டிய எழுத்துக் கோலம். ‘பி’ என்றால் அகப்பட்ட வரியை அச்சிடு.

யுனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹோன் என்ற ஆய்வாளர், அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளை ஆராயப் புகுந்தார். அவற்றில் சிலவற்றை எழுதியவர் யார் என்பது பழைய வழக்கு. அவ்வளவு உரையை ‘எட்’ திருத்தியால் ஒருசேரத் தாங்க முடியவில்லை. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் தேடும் பகுதியைத் தனி நிரலாக்கிக் கொடுத்தார். கட்டளையின் எழுத்துகளே பெயராக ஒட்டிக்கொண்டன. 1973இல் வந்த யுனிக்ஸ் நான்காம் பதிப்பில் கிரெப் இருக்கிறது. நிரலாளர் கருவி என்று நாம் ஒதுக்கிவைத்தது நூலாராய்ச்சிக்குக் கைகொடுத்த கருவி என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தமிழில் அதற்கு வேலை கொடுத்தது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்கம் வைத்த ஊரின் பெயரைத் தாங்கி, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்த நூல்கள் இலவசக் கோப்புகளாயின.

ஊர்ப்பெயரையே தேடிப் பார்ப்போம். ‘மதுரை’ என்று கொடுத்தால் ‘மதுரையை’, ‘மதுரைக்கு’ எல்லாம் வந்துவிடும். ஆனால் முதலாம் பராந்தகன் கல்வெட்டுகளில் ‘மதிரை கொண்ட’ என்றிருக்கும், அது தப்பிவிடும். ‘மத.ரை’ என்று கொடுங்கள். கிரெப்பில் புள்ளி, ஏதேனும் ஓர் எழுத்துக்குறி என்று பொருள்படும். யுனிகோடில் உகரக் குறியும் இகரக் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் இரண்டு வடிவமும் சிக்கும்.

கூடலும் ஆலவாயும் அப்போதும் சிக்கா. அவை இதே ஊர் என்று கிரெப்புக்குத் தெரியாது. நாம்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ‘கூடல்’ சேர்த்தால் ஊடலுக்குப் பின் வரும் கூடலும் வரிசையில் வந்து நிற்கும்; அந்த வரிகளைப் படித்துத்தான் கழிக்க வேண்டும்.