ஒரே ஊசி, இரு விடைகள்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இன்று வரிசையாகத் தொழிற்சாலைகளைக் காண்கிறீர்கள். 1968-இல் இப்பகுதி அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்தது. உலக மருத்துவர்களைத் திகைக்கவைத்த ஒரு சோதனை அம்மாவட்டத்தில்தான் நடந்தது.

உங்கள் இடக்கையின் மேற்புறத்தைப் பாருங்கள். அங்குள்ள சிறு தழும்பு, காசநோயைத் தடுக்கப் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். 1950-இல் பிரிட்டனில் தொடங்கிய சோதனையில், இளைஞர்களுக்கு இவ்வூசி நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு பாதுகாப்பு அளித்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ பயன் மிகக் குறைவு. எதை நம்புவது?

இதற்கு விடைகாண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையுடனும் சேர்ந்து செங்கற்பட்டில் இறங்கியது. 1968 முதல் 1971 வரை இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குப் பாரிஸ் வகை, சிலருக்குக் கோபன்ஹேகன் வகை, மற்றவர்களுக்குப் போலி மருந்து. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

1979-இல் முதல் அறிக்கை வெளிவந்தது. ஏழரை ஆண்டுக் கண்காணிப்பில், நுரையீரல் காசநோயை ஊசி தடுத்ததாகவே தெரியவில்லை! பிரிட்டனில் வெற்றிபெற்றதும் கோபன்ஹேகன் ஊசிதானே? இவ்வளவு கசப்பான விடையை மறைக்காமல் வெளியிட்டதை நான் பெருமையாகவே கருதுகிறேன்.

பெயர் ஒன்றானாலும் கிருமி ஒன்றுதானா? உறைமோர் வீட்டுக்கு வீடு கைமாறும்போது தயிரின் சுவை மாறுவதில்லையா? 1921-இல் பயனுக்கு வந்த பி.சி.ஜி. கிருமியும் அப்படித்தான் நாட்டுக்கு நாடு சென்று, திரும்பத் திரும்ப வளர்க்கப்பட்டது. 1998-இல் காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி, ஏறக்குறைய 44 இலட்சம் எழுத்துகள், முழுதும் படிக்கப்பட்டது. மறு ஆண்டே அதனுடன் ஒப்பிட்டபோது, பி.சி.ஜி. கிருமி சில துண்டுகளை இழந்திருப்பதும், நாட்டுக்கு நாடு அவ்விழப்பு வேறுபடுவதும் தெரிந்தன. இத்தகைய ஒப்பீட்டைக் கணிப்பொறி செய்கிறது. நிரல் மாறினால் விடையும் சற்று மாறலாம். ஆகவே மூல எழுத்துகளோடு நிரலின் பெயரும் பதிப்பும் தரப்பட்டால்தான் வேறொருவர் சரிபார்க்க இயலும்.

செங்கற்பட்டின் புதிர் இதனால் முற்றிலும் அவிழ்ந்துவிடவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினங்கள் முன்பே ஓரளவு எதிர்ப்பாற்றலைத் தந்துவிடுவதால், ஊசி புதிதாகச் சேர்ப்பது குறைவு என்பது மற்றொரு கருத்து.

இதனால் ஊசியே வேண்டாமென்று எண்ணிவிடாதீர்கள். குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காக்கிறது. பிறந்தவுடன் போடுவது அதற்காகவே. பெரியவர்களுக்கான ஊசியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.