எஸ்டேட் என்னும் சொல்லின் இரண்டு பொருள்கள்

மலையகத்தில் எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம். கொழும்பில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டால், இறந்தவர் விட்டுச்சென்ற ஆஸ்தி என்பார். அந்த ஆஸ்திமீது அரசு விதித்த மரணவரிக்கு எஸ்டேட் டியூட்டி என்று பெயர். ஒரே சொல்லின் இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையே மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஆஸ்தி இருந்தவர்களின் கதை. பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் வட்டித் தொழிலில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முன்னணியில் நின்றனர். அவர்களிடம் கடன் பெற்றவர்களுள் தோட்ட உரிமையாளர்களும் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாதபோது, ஈடுவைத்த காணிகள் பல செட்டியார்களின் கைக்கு வந்தன. காணி வந்தால் வாரிசுப் பிரச்சினையும் வரும். அதன் பின்னாலேயே வரியும் வரும்.

இலங்கையில் தொழில் நடத்திய அருணாசலம் செட்டியார் 1938இல் காலமானார். அவருடைய மகன் அதற்கு முன்னரே, 1934இல் இறந்துவிட்டார். குடும்பத்தில் எஞ்சியவர்கள் பெண்கள். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு மரணவரி இல்லை என்று இலங்கைச் சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. ஆனால் கடைசி ஆண்மகனாக வாழ்ந்து இறந்தவரின் சொத்து கூட்டுச் சொத்தா, அவருடைய தனிச் சொத்தா? தனிச் சொத்தே, வரி கட்டவேண்டும் என்றது அரசு. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1957இல் தீர்ப்பு வந்தது. தத்தெடுத்து இன்னோர் ஆண்மகனைக் குடும்பத்தில் சேர்க்கும் வழி பெண்களிடம் இருக்கும்வரை கூட்டுக் குடும்பம் அழிவதில்லை. ஆகவே சொத்து குடும்பத்துக்கு உரியது, வரி இல்லை என்பதே அதன் சாரம். இந்தியாவின் வரி வழக்குகளிலும் பின்னர் எடுத்தாளப்பட்ட தீர்ப்பு அது. 19 ஆண்டுகள் கழித்து, இன்னும் வந்து சேராத ஒரு வாரிசின் இடத்தையும் சட்டம் மதித்தது.

அதே காலத்தில் அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்தவர்களை அதே நாட்டின் சட்டம் எப்படிப் பார்த்தது?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால், இந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும். தோட்டங்களில் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலத்தவர் அந்த முன்னோர்கள். ஒரு பக்கம் நாளை வரப்போகும் பிள்ளைக்கு உரிமை; மறுபக்கம் உயிரோடு நிற்பவனிடம், இறந்த பாட்டனுக்குச் சான்று கேட்டார்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் கணக்குப் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. சொத்தைப் பங்கிடுவதுண்டு; இங்கே மனிதர்களே பங்கிடப்பட்டார்கள்.

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் அரசிடமே நின்றது. துரைமார் மாறினார்கள், காம்பராவின் நிலை மாறவில்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் லயத்தில் குடியிருப்பு நிலைக்கும் என்ற அச்சம் பல தலைமுறைகளுக்கு இருந்தது. தகப்பன் மகனுக்கு விட்டுச்சென்றது அந்த வேலையைத்தான்.

அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் மூதாட்டி ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கடதாசிகளை என்னிடம் காட்டியது நினைவிருக்கிறது. கணவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், தோட்டப் பதிவேட்டில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. கோவிலில் நடந்த திருமணம் பதிவாகவில்லை. அவருடைய ஊழியர் சேமலாப நிதியைப் பெற அந்த அம்மாள் மாதக்கணக்கில் அலைந்திருந்தார். “நாப்பது வருசம் ஒரே காம்பராவில இருந்தோம் ஐயா. நான் அவரு பொஞ்சாதிதான்னு இப்ப கடதாசி கேக்குறாங்க” என்றார்.

தனிவீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்றார்கள். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். அதாவது ஏறக்குறைய 23இல் ஒரு பங்கு. அதற்கும் உறுதி கைக்கு வராமலே குடியேறியவர்கள் பலர். உறுதி இல்லாத வீட்டில் வாழலாம். ஈடுவைக்க முடியாது, விற்க முடியாது, மரணசாதனத்தில் எழுதிவைக்கவும் முடியாது.

மரணவரியை இலங்கை 1980களில் நீக்கிவிட்டது. இந்தியா 1985இல் நீக்கியது. பணக்காரக் குடும்பங்களின் அந்தக் கவலை தீர்ந்தது. வரி விதிக்கத்தக்க எதையும் சேர்க்கவிடப்படாதவர்களின் கவலை தீரவில்லை. உறுதிக்கான போராட்டம் அமைப்புகளின் வேலை. ஆனால் சில காரியங்கள் குடும்பத்தின் கையிலேயே உள்ளன. திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பெயர்ப் பிழைகளை உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளியை நியமியுங்கள். செட்டியார் குடும்பத்துக்கு இலண்டன்வரை போக வசதி இருந்தது. நமக்கு நுவரெலியாக் கச்சேரிக்கு இரண்டாம் முறை போவதே ஒரு நாள் சம்பளம்.