பழைய உதிரிகளில் எழுந்த பள்ளிக் கணிப்பொறிக் கூடங்கள்



கணிப்பொறி என்றாலே வசதி படைத்த பள்ளிகளின் சொத்து என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய பெட்டிகளையும், ஒன்றோடொன்று பொருந்தாத உதிரிப் பாகங்களையும் சேர்த்தே ஒரு வகுப்புக்கு வேண்டிய கணிப்பொறிகளை அமைத்துவிடலாம் என்று சிலர் செய்து காட்டினர். அவர்தம் முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ஒரு பொறி, பல முனையங்கள்

இந்த எண்ணத்துக்கு வயது அறுபதுக்கு மேல். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை 1964-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் இயக்கிக் காட்டினர். அதற்காக ஜி.இ. 225, டேட்டாநெட் 30 என்ற வெவ்வேறு வகையான இரு பொறிகளை இணைத்திருந்தார்கள். மாணவன் முன்னால் இருந்தது தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப் மட்டுமே. சிந்திக்கும் வேலையெல்லாம் வேறோர் அறையில் நடந்தது. அப்பகுதியின் உயர்நிலைப் பள்ளிகளும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தொலைபேசிக் கம்பி வழியாக இதில் சேர்ந்துகொண்டன.

அடுத்த படி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்தது. அங்கு 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்துக்கு டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களும் பொறிகளைத் தந்தன. ஆனால் ஒன்றின் வழி மற்றொன்றுக்கு ஒத்துவராது. இந்நிலையில் ராபர்ட் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் 1984-இல் எக்ஸ் விண்டோ என்ற அமைப்பை உருவாக்கினர். எங்கோ ஒரு பொறியில் நடக்கும் வேலையை, எந்த நிறுவனம் செய்த பொறியின் திரையிலும் அது காட்டிவிடும். பிற்காலத்துப் பள்ளி முனையங்களுக்கெல்லாம் அடிப்படை இதுவே.

ஒதுக்கப்பட்டவை பயன்பட்ட விதம்

1990-களில் புதிய மென்பொருள் வரும்போதெல்லாம் பழைய பொறிகள் வலுவற்றவை ஆயின. அலுவலகங்கள் அவற்றை ஒதுக்கின. அதே காலத்தில், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், உரிமக் கட்டணம் இல்லாமல் எவரும் பயன்படுத்தத் தக்கதாக வளர்ந்தது. இவ்விரண்டையும் இணைத்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஜிம் மெக்குவிலன். அவர் 1999-இல் வெளியிட்ட திட்டம் எல்.டி.எஸ்.பி. என்ற பெயரால் வழங்குகிறது.

அது இயங்கும் விதம் எளியது. பழைய பொறியிலிருந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிடலாம். 1.44 மெகாபைட் பிளாப்பியிலோ பிணைய அட்டையின் சில்லிலோ உள்ள சிறு நிரல், வலுவான தலைமைப் பொறியைக் கம்பி வழியே அழைக்கும். தலைமைப் பொறி அதற்கு முகவரி தந்து, இயங்க வேண்டியதை அனுப்பி வைக்கும். 32 மெகாபைட் நினைவகம் உள்ள பழைய பெட்டியும் இவ்வாறு முனையமாகிவிடும்.

பொருந்தாத பாகங்களை என் செய்வது? ஒரு பெட்டியில் சீரியல் மவுஸ், மற்றொன்றில் பி.எஸ்.2 மவுஸ், விசைப்பலகையின் செருகிகள் வேறு, திரை அட்டைகள் வேறு. இதற்கும் வழி கண்டார்கள். ஒவ்வொரு பிணைய அட்டைக்கும் தனி எண் உண்டு. நம் பங்கின் பதிவேட்டில் ஒவ்வொருவரையும் பெயர் எழுதி வைப்பதுபோல, இந்த எண்ணுக்கு இந்த மவுஸ், இந்தத் திரை அட்டை என்று தலைமைப் பொறியின் ஒரே கோப்பில் குறித்து வைத்தனர்.

பள்ளிகளில்

ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் பால் நெல்சன், எரிக் ஹாரிசன் ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் இத்திட்டத்தைப் பள்ளிகளுக்கென அமைத்து, கே12 எல்.டி.எஸ்.பி. என்று வெளியிட்டனர். அதே நகரில் 2000-இல் தோன்றிய ஃப்ரீ கீக் என்ற அமைப்பு, பழைய கணிப்பொறிகளைப் பிரித்துச் சோதித்து மீண்டும் பூட்டும் பணியில் தன்னார்வலரைப் பழக்கியது. உழைத்தவருக்கு ஒரு கணிப்பொறியையும் கொடுத்தது. நார்வே நாட்டில் 2001-இல் தொடங்கிய ஸ்கோலெலினக்ஸ், பிள்ளைகள் தங்கள் சொந்த மொழியிலேயே கணிப்பொறியைக் காணவேண்டும் என்பதையும் குறிக்கோளாகக் கொண்டது.

இதன் மேன்மை விலைக் குறைவு மட்டுமன்று. வேலை முழுவதும் தலைமைப் பொறியில் நடப்பதால், கடைசி வரிசையில் பத்தாண்டுப் பழைய பெட்டியின் முன் அமர்ந்த பிள்ளைக்கும் முதல் வரிசைப் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரே வேகம் கிடைத்தது. பழைய பொருளைப் பெற்றவன் என்ற குறை அங்கே இல்லை.

குறைகளும் உண்டு

உண்மையை மறைக்கலாகாது. தலைமைப் பொறி நின்றால் வகுப்பே நின்றுவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் படக்காட்சி பார்க்கத் தொடங்கினால் கம்பி தாங்காது. தலைமைப் பொறி மலிவானதும் அன்று. அதற்கு 256 மெகாபைட், முனையம் ஒன்றுக்கு மேலும் 192 மெகாபைட் நினைவகம் வேண்டும் என்று பிற்காலத்தில் கணக்கிட்டார்கள். இருபது முனையங்களுக்கு 4 ஜிகாபைட் ஆகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைக் கவனிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவர் மாற்றலாகிப் போய்விட்டால் கூடத்தையே பூட்டிவைக்க நேரிடும். ஆகவே மலிவான இக்கூடங்களுக்கும் மனித உழைப்பு என்னும் விலை உண்டு.

2012-இல் 35 டாலர் விலையில் ராஸ்பெரி பை என்னும் சிறு பொறி வந்தபின், பழைய பெட்டிகளின் தேவை குறைந்தது. ஆயினும் எல்.டி.எஸ்.பி. மறையவில்லை. 2019-இல் அது புதிதாக எழுதப்பட்டது. இப்போது முனையங்கள் தம் வலுவையும் பயன்படுத்திக்கொள்கின்றன.

நாம் கொள்ளத்தக்கது

நம் வீடுகளிலும் பழைய கணிப்பொறிகள் மூலையில் கிடக்கக்கூடும். பள்ளிக்குக் கொடுக்க எண்ணுபவர், அது இயங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மின்கம்பி பழுதின்றி இருக்க வேண்டும். சொந்தத் தகவல்களை முற்றிலும் அழிக்க வேண்டும். பள்ளியில் அதைப் பேண ஆள் உண்டா என்றும் கேட்டறிய வேண்டும். இயங்காத பெட்டியைக் கொடுத்தால் நம் வீட்டுக் குப்பையைப் பள்ளியின் வாசலுக்கு மாற்றியதாகவே முடியும். பழைய கண்ணாடித் திரைகளில் ஈயம் உண்டு என்பதையும் மறத்தலாகாது.

கணிப்பொறி அறிந்த நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒரு பள்ளிக்கு ஒதுக்குவார்களானால், கொடுக்கும் பெட்டியைவிட அதுவே பெரிய கொடையாகும்.