பேயும் வரலாறும்: கொற்கையிலிருந்து சில குறிப்புகள்

கொற்கையில் இன்று கடல் இல்லை. ஏரலைத் தாண்டிப் போனால் வாழையும் வயலும் குளமும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலை ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. குளத்தங்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயிலருகே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “நீங்க நிக்கியளே தம்பி, இது கப்பல் நின்ன எடமுல்லா. ராத்திரி இப்பவும் கடல் சத்தம் கேக்கும்.” இத்தனை தூரத்திலா என்று கேட்டேன். “செத்தது எதுவும் சும்மா போயிராது, தம்பி” என்றார்.

இந்தப் பதிலை ‘மூடநம்பிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துபோகப் பழக்கப்பட்டவர்கள் நாம். பேய், பூதம், வாதை பற்றிய கதைகளை நம் முற்போக்கு மரபு குப்பைக்கூடையில் போட்டது; வெள்ளைக்காரன் அவற்றைப் பொறுக்கிக் கண்காட்சியில் வைத்தான். இரண்டுமே விட்டுவிட்ட ஒரு கேள்வி உண்டு: ஓர் உயிரைப் ‘பேய்’ என்றோ ‘விசித்திரப் பிறவி’ என்றோ பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது? அந்தப் பெயரால் யார் ஆதாயம் அடைந்தார்கள்? இதைக் கேட்டுப் பார்க்கக் கொற்கையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

1

கிரேக்கர்களுக்கு இந்தியா உலகத்தின் விளிம்பு. விளிம்பில் விசித்திரப் பிறவிகள்தானே இருக்க வேண்டும்? கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்காரரான டீசியஸ், இந்தியாவின் நடுப்பகுதியில் குள்ளர்கள் வாழ்வதாக எழுதினார். மெகஸ்தனிஸ், வாயே இல்லாமல் வாசனையை மட்டும் முகர்ந்து வாழும் மனிதர்களைப் பற்றிக் கேட்டு எழுதினார். அவரைப் பின்பற்றி அரியன் சொல்லும் செய்தியில், முத்துச்சிப்பிகளுக்குத் தேனீக்களைப்போல ஓர் அரசன் உண்டு. அவன் பிடிபட்டால் கூட்டம் முழுவதும் வலைக்குள் வந்துவிடும்.

ஆனால் கொற்கைக்கு வந்த வணிகனுக்கு இப்படி எதுவும் கண்ணில் படவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் கையேடு, ‘கொல்கி’ என்று நம் ஊரைக் குறிப்பிட்டு ஒரே ஒரு தகவலைத் தருகிறது: பாண்டியனுக்கு உரிய இங்கே, முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள். வாயில்லாத மனிதர்கள் கட்டுக்கதை. ஆனால் வாய் திறக்க முடியாத மனிதர்கள் இங்கே கடலுக்குள் இறக்கப்பட்டிருக்கிறார்கள். விசித்திரப் பிறவிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய மரபு, இவர்களுக்கு ஒரு வரி கொடுத்தது.

குள்ளர்கள் நம்மிடமும் உண்டு. சிறுவயதில் ஆச்சி சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் மனுசனுக்குச் சாவு வராதாம்; வயசாக வயசாகச் சுருங்கிச் சுருங்கி மாடக்குழிக்குள் உட்காரும் அளவு ஆகிவிடுவார்களாம்; அப்புறம் சோறும் தண்ணியும் வைத்துத் தாழிக்குள் இறக்கி மூடிவிடுவார்களாம். தாமிரபரணிக் கரையெங்கும் முதுமக்கள் தாழியைச் சுற்றி இந்தக் கதை இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலக்கணிப்பு வந்திருப்பதாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. தாழிக்குள் சோறு வைத்தது ஆச்சிக்குத் தெரிந்தே இருந்தது. கிரேக்கனின் குள்ளன் எங்கோ இருக்கும் மற்றமை. ஆச்சியின் குள்ளன் நம் சொந்தப் பாட்டன். ஒரே உருவம்தான், உறவு வேறு.

2

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் ஒரு விநோதமான பங்காளியைப் பார்க்கிறார். வணிகர்கள் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குக் கொடுக்கிறார்கள். இருபதில் ஒரு பங்கை மந்திரவாதிகளுக்குக் கொடுக்கிறார்கள். குளியாட்களைச் சுறா தின்றுவிடாதபடி அதன் வாயைக் கட்டுவது மந்திரவாதிகளின் வேலை. பின்னாளில் இவர்களுக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர்.

போலோவின் குறிப்பில் என்னை நிறுத்திய இடம் வேறு. இந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தானாம். இரவானதும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள்; சுறாக்கள் இஷ்டத்துக்குத் திரியலாம். ஏன் அவிழ்க்க வேண்டும்? இரவில் தானாக இறங்கி ஒருவன் நாலு சிப்பியை எடுத்துவிட்டால், அந்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று கிடையாது. பகலில் கூலியாளைக் காப்பாற்றும் மந்திரம் இரவில் அரசனின் சொத்தைக் காக்கிறது. சுறா அங்கே மீன் மட்டுமில்லை, சம்பளமில்லாத காவல்காரன். பயம் ஒரு நிர்வாக முறையாக இருந்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

ஆங்கிலேயனுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பு நடத்திய அவன் அரசாங்கம், கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தே வந்தது. கடல்கட்டி வராவிட்டால் குளியாட்கள் இறங்கமாட்டார்கள் என்பது 1859-ல் எழுதிய எமர்சன் டென்னெட்டுக்குத் தெரிந்திருந்தது. பகுத்தறிவு லாபக்கணக்கின் முன்னால் எவ்வளவு சுலபமாக வளைந்துகொடுக்கிறது! தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டியும் போனான்.

3

அடுத்தவர் கால்டுவெல். 1870-களில் கொற்கையில் மண்ணைத் தோண்டி, இதுவே பழைய துறைமுகம் என்று உலகுக்குச் சொன்னவர். அதற்கு முன்பே, 1849-ல், திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றிய நூலில், இங்குள்ள மக்களின் வழிபாட்டைப் ‘பேய் வழிபாடு’ என்று எழுதியவரும் அவரே. அந்த நூல் பின்னாளில் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஊரின் பழமைக்கு மதிப்பு, ஊர்க்காரனின் சாமிக்குப் பேய்ப் பட்டம்: இந்த இரட்டைக் கணக்கை நம் தமிழ்ப் பெருமிதமும் இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறது.

ஆனால் கால்டுவெல் தன்னை அறியாமல் ஒரு பெரிய ஆதாரத்தையும் விட்டுப் போயிருக்கிறார். 1809-ல் திருவிதாங்கூர் அரண்களைப் பிடித்த சண்டையில் காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கில அதிகாரியை மணல்தேரியில் புதைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து மக்கள் அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள் என்கிறார். அவருக்கு இது வேடிக்கை. எனக்கு இதுவே திறவுகோல். அந்த மக்கள் செத்தவன் எந்தக் கொடிக்காரன், எந்தச் சாதிக்காரன் என்று கேட்கவில்லை. எப்படிச் செத்தான் என்று கேட்டார்கள். அவலச்சாவு செத்தவனுக்குப் பசி இருக்கும், அவனுக்குச் சோறு போட வேண்டும். அவ்வளவுதான்.

4

வில்லுப்பாட்டுக்காரர்கள் தெய்வங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். தெய்வப் பிறவி ஒன்று. இறந்துபட்ட வாதை மற்றொன்று. கால்டுவெல் பேய் என்றவற்றில் பல இந்த இரண்டாம் வகை: கொல்லப்பட்ட மனிதர்கள். சக்கிலியப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்த பிராமணன் முத்துப்பட்டன், மாடு காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்து, ஏடுகளிலும் வாய்மொழியிலும் கிடப்பதை வரலாற்று ஆதாரமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

எந்த விதிமீறலை நீதிமன்றம் விசாரிக்கவில்லையோ, எந்தக் கொலையைக் கல்வெட்டு எழுதவில்லையோ, அதைப் பேய்க்கதை பதிவு செய்கிறது. அதனால் எல்லா அவலச்சாவும் பேயாகிவிடுவதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது சிலப்பதிகாரம். தவறு செய்தவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். கண்ணகி தெய்வமானாள். அந்த ஆயிரம் பேருக்காகக் குடியழைப்பு கேட்டதாகத் தெரியவில்லை. பேயாவதற்கும் பாட ஆள் வேண்டியிருக்கிறது.

5

பேயைக் கொண்டாடுவது என் நோக்கமில்லை. பேய் பிடிப்பது பெரும்பாலும் யாருக்கு? புதிதாக வாழவந்த மருமகளுக்கு. வேப்பங்குழையால் அடி வாங்குவதும் அவள்தான். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். சுறாவின் வாயைக் கட்டிய அதே சொல் இங்கே மனிதனின் காலைக் கட்டியது. இதை மறந்துவிட்டு நாட்டார் வழக்காற்றைப் புகழ்வது நேர்மையில்லை.

அதே சமயம், மேலிருந்து வரும் ‘சுத்திகரிப்பு’ வேறு வேலை செய்கிறது. 2003-ல் தமிழக அரசு, 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி, கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தது. எதிர்ப்புக்குப் பின் 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, ஆனால் மாடனுக்குப் பூணூல் மாட்டும் வேலை நிற்கவில்லை. வாதையைத் தெய்வப் பிறவியாக மாற்றினால் முதலில் காணாமல்போவது கொலை. கொலை போனால் கொன்றவனும் போய்விடுவான்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் தடியடி. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களும் பெண்களும் ஒரு கைக்குழந்தையுமாக 17 பேர் செத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் பூ விடுகிறார்கள். விசாரணைக் கமிஷன் அறிக்கை தந்துவிட்டது, கோப்பு மூடியாயிற்று. அவர்களுக்கு வில்லுப்பாட்டு இல்லை. இருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. ஆனால் எழுதுகிறவர்களும் போராடுகிறவர்களும் இந்த ஆற்றங்கரையில் ஊர் ஊராகப் போய், எந்த மரத்தில் எந்த வாதை, அது எப்படிச் செத்தது, யார் கொன்றது என்று கேட்டு எழுதிவைக்கலாம். கேட்டால் சொல்லுவாக. இதுவரை நாம் கேட்கவில்லை.

கொற்கையிலிருந்து திரும்பும்போது அந்தப் பெரியவர் கேட்டார்: “எழுதப் போறியளோ?” ஆமாம் என்றேன். “பேருதான் முக்கியம். பேர விட்டுறாதிய” என்றார்.