டிவி முன்னால் ஒரு ஜாடித் தண்ணீர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு ‘சோவியத் நாடு’ இதழின் தாள்களில்தான் அட்டை போடுவோம். வழுவழுப்பான தாள். கோதுமை வயல், டிராக்டர், சிரிக்கும் விண்வெளி வீரர். அப்பா தொழிற்சங்கக்காரர். ஊர்க் கோயிலில் யாராவது சாமியாடினால், “அங்கெல்லாம் இந்தச் சாமி கீமி எதுவும் கிடையாது. எல்லாம் விஞ்ஞானம்தான்” என்பார். அந்த ‘அங்கே’ 1989இல் என்ன நடந்தது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது பல வருடங்கள் ஓடியிருந்தன.

அந்த வருடம் சோவியத் மத்தியத் தொலைக்காட்சியின் ‘120 நிமிடங்கள்’ என்ற காலை நிகழ்ச்சியில் அல்லான் சுமாக் என்பவர் வந்தார். முன்னாள் பத்திரிகையாளர். பேசமாட்டார். சில நிமிடங்கள் கைகளைக் காற்றில் அசைப்பார், அவ்வளவுதான். ஜனங்கள் டிவி பெட்டிக்கு முன்னால் தண்ணீர் ஜாடியையும் களிம்பு டப்பாவையும் வைத்தார்கள். அவருடைய ஆற்றல் திரை வழியாக வந்து அதில் ஏறும், குடித்தால், பூசினால் நோய் போகும் என்பது நம்பிக்கை.

இன்னொருவர் அனத்தோலி கஷ்பிரோவ்ஸ்கி. உக்ரைனின் வின்னித்சா நகரில் நீண்ட காலம் மனநல மருத்துவராக இருந்தவர். 1988 மார்ச்சில் மாஸ்கோ ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு, கீவ் நகரில் அறுவை சிகிச்சை மேசையில் கிடந்த பெண்ணுக்குத் திரை வழியாக வலி தெரியாமல் செய்வதாகக் காட்டினார். அடுத்த வருடம் திபிலிசியில் மேலும் இரண்டு பெண்களுக்கு. அவர்களில் ஒருவர், வலி இருந்தது, தாங்கிக்கொண்டேன் என்று பிறகு சொன்னார். அதற்குள் கஷ்பிரோவ்ஸ்கி நாடறிந்த மனிதராகிவிட்டார். 1989 அக்டோபர் 8 முதல் அவருடைய ‘சிகிச்சை அமர்வுகள்’ ஆறு, நாடு முழுக்க ஒளிபரப்பாகின. தழும்பு மறைந்தது, நரைத்த முடி கறுத்தது என்று கடிதங்கள் குவிந்தன. அவை நிகழ்ச்சியிலேயே வாசிக்கப்பட்டன.

முதல் அமர்வுக்கு மறுநாள், அக்டோபர் 9, அரசுச் செய்தி நிறுவனமான தாஸ் ஒரு செய்தி விட்டது. வொரோனெஷ் நகரப் பூங்கா ஒன்றில் பறக்கும் பொருள் இறங்கியது, மூன்று கண்ணுள்ள, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயர உருவங்களைச் சிறுவர்கள் பார்த்தார்கள் என்று. உலகப் பத்திரிகைகள் சிரித்துக்கொண்டே அதை அச்சிட்டன.

ஜனங்கள் ஏமாளிகள் என்று முடித்துவிடலாம். ஆனால் அது எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்த நாடு. பள்ளியிலேயே நாத்திகம் சொல்லிக்கொடுத்த நாடு. அதே ஜனம் ஏன் ஜாடியோடு உட்கார்ந்தது?

ஒரு காரணம், அற்புதத்துக்கு அங்கே ஏற்கனவே ஒரு அரசாங்க வாசல் இருந்தது. மனத்தைப் படிப்பவர் என்று பேர்பெற்ற வோல்ஃப் மெஸ்ஸிங், 1974இல் சாகும்வரை ‘உளவியல் சோதனைகள்’ என்ற பெயரில் அரசு மேடைகளிலேயே நிகழ்ச்சி நடத்தினார். தெய்வம் என்று சொன்னால்தான் தப்பு, விஞ்ஞானம் என்றால் போகலாம். கஷ்பிரோவ்ஸ்கியும் டாக்டராகத்தான் வந்தார்.

இரண்டாவது காரணம் கசப்பானது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. தொலைக்காட்சியில் அதைப்பற்றிச் சில வரி வாசிக்கவே 28ஆம் தேதி மாலை ஆனது. மே 1 அன்று கீவில் குழந்தைகளோடு ஊர்வலம் நடந்தது. பிறகு கோர்பச்சேவின் ‘கிளாஸ்நோஸ்த்’ காலத்தில் மறைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1988இல் பள்ளி இறுதி வகுப்புகளுக்கு வரலாற்றுத் தேர்வையே ரத்து செய்தார்கள், பாடப்புத்தகத்தில் இருந்தது பொய் என்பதால். நேற்றுவரை நடக்கவே இல்லை என்றது இன்று நடந்ததாகிவிட்டது. அப்படியானால் நடக்காது என்று சொல்லப்பட்ட மற்றவை? இத்தனை நாள் மறைத்தவர்கள் இதையும்தானே மறைத்திருப்பார்கள்?

இங்கேதான் திரை வருகிறது. சொல்லப்பட்ட சேதிகள் மேல் நம்பிக்கை போயிற்று, ஆனால் சொல்லும் இடத்தின் மேல் இருந்த மரியாதை போகவில்லை. தணிக்கையைத் தாண்டாமல் எதுவும் திரைக்கு வராது என்பது ஒரு தலைமுறையின் பழக்கம். ஒஸ்தான்கினோவின் 540 மீட்டர் கோபுரத்திலிருந்து வந்தால் யாரோ பெரியவர்கள் சரிபார்த்திருப்பார்கள். புதிய சுதந்திரம் கதவைத் திறந்துவிட்டது, பழைய கீழ்ப்படிதல் போய் ஜாடியை வைத்தது. மருந்துக் கடையில் மருந்து கிடைக்காத காலம் வேறு.

கஷ்பிரோவ்ஸ்கியின் தொடர் அந்த ஆறோடு நின்றது. 1993 ஜூலையில் ரஷ்யா கொண்டுவந்த சுகாதாரச் சட்டம், ஊடகம் வழியாகக் கூட்டமாகக் ‘குணப்படுத்துவதை’த் தடை செய்தது. அதே வருடம் டிசம்பரில் கஷ்பிரோவ்ஸ்கி, ஷிரினோவ்ஸ்கியின் கட்சி சார்பில் தூமாவுக்குத் தேர்வானார்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது, “முதலாளித்துவப் பத்திரிகைக்காரன் எழுதியிருப்பான்” என்றார். நான் வாதாடவில்லை.

சில வருடம் கழித்து அவருக்குச் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தார். மாத்திரை டப்பாவைப் பார்த்தால் மூன்று வாரமாகத் தொடவில்லை. காலையில் ஒரு சேனலில் கோட்டு போட்ட ஒருவர் வருவாராம். அவர் சொன்ன பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். ஏன்ப்பா என்றேன். வாழ்நாள் முழுக்கச் சாமியாடிகளைக் கேலி செய்த மனிதர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் டியூபோடு என்னைப் பார்த்து, குழந்தை மாதிரிச் சொன்னார்:

“டிவிலேயே சொன்னாங்கடா.”