பந்தயத் தானுந்து மாதிரியாக்கம்

பந்தயத் தானுந்து மாதிரியாக்கம் என்பது உண்மையான பந்தயக் கார் ஒன்றின் உருவத்தைக் குறிப்பிட்ட அளவுவிகிதத்தில் சிறிதாக்கி, நெகிழிப் பாகங்களைப் பொருத்தி, வண்ணம் பூசி முடிக்கும் கைவினைப் பொழுதுபோக்கு ஆகும். இதற்கான பாகங்கள் பெட்டியில் அடைக்கப்பட்ட தொகுதிகளாக விற்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் பாலிஸ்டைரீன் எனும் நெகிழியைக் கொண்டு ஊசிவார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன.

சாலை வாகன மாதிரிகளிலிருந்து இது ஒரு முக்கிய வகையில் வேறுபடுகின்றது. பந்தயத் தானுந்தின் உடலமைப்பு, காற்றிதழ்கள், விளம்பரச் சின்னங்கள் ஆகியன ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் இடையே மாறக்கூடியவை. எனவே துல்லியமான மாதிரி ஒரு வாகன வகையை மட்டுமன்றி, குறிப்பிட்ட ஓட்டுநர் குறிப்பிட்ட நாளில் ஓட்டிய வாகனத்தையே காட்டுகின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1948 இல் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி நிறுவனம், புதிய கார்களை விளம்பரப்படுத்துவதற்காக விற்பனையாளர்களுக்குச் சிறிய மாதிரிகளைச் செய்து வழங்கியது. 1958 முதல் ஒரே பெட்டியிலுள்ள பாகங்களை மூன்று விதமாகப் பொருத்தக்கூடிய தொகுதிகளையும் வெளியிட்டது. சாலைக்குரிய காரைப் பந்தயக் காராக மாற்றிக் கட்டும் வழக்கம் இத்தகைய தொகுதிகளால் பரவியது.

சப்பானில் ஷிசுவோக்கா நகரில் 1946 இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய டமியா நிறுவனம், பின்னர் மர மாதிரிகளையும் 1960 முதல் நெகிழி மாதிரிகளையும் தயாரித்தது. ஹோண்டா ஆர்.ஏ.273 எனும் பார்முலா 1 தானுந்தின் 1/12 மாதிரியை 1967 இல் வெளியிட்டது. போர்ஷே 934 மாதிரியை உருவாக்கும்போது, அந்நிறுவனத்தின் சுன்சாக்கு டமியா போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அதை முழுவதும் பிரித்து ஆராயச் செய்தார். அம்மாதிரி 1976 இல் வெளிவந்தது.

அளவுவிகிதங்கள்

பந்தயத் தானுந்து மாதிரிகளில் பின்வரும் அளவுவிகிதங்கள் பொதுவாகப் பயன்படுகின்றன.

1/12: உண்மையான வாகனத்தின் ஓர் அடி, மாதிரியில் ஓர் அங்குலம் ஆகும். இயந்திரத்தின் உட்பாகங்களையும் விரிவாகக் காட்டலாம்.
1/20: பார்முலா 1 மாதிரிகளுக்குப் பரவலாகப் பயன்படுவது.
1/24, 1/25: நாஸ்கார், லெ மான் போன்ற போட்டிகளின் கார்களுக்குரியவை. 1/24 இல் ஓர் அடி அரை அங்குலமாகும்.
1/43: ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் எனும் பொம்மைத் தொடர்வண்டி அளவிலிருந்து வந்தது. பிசின் அல்லது வெள்ளீயக் கலவையால் வார்க்கப்பட்டவையும் இவ்வளவில் உள்ளன.

போட்டியைத் தெரிவு செய்தல்

கட்டத் தொடங்குமுன் எந்தப் போட்டியில் ஓடிய வாகனம் என்பதை முடிவு செய்தல் வேண்டும். இதற்கு டைரல் பி34 நல்ல எடுத்துக்காட்டாகும். டெரெக் கார்ட்னர் வடிவமைத்த இத்தானுந்துக்கு முன்புறம் நான்கும் பின்புறம் இரண்டுமாக ஆறு சக்கரங்கள் இருந்தன. இது 1976 இல் எசுப்பானியப் போட்டியில் முதலில் பங்கேற்றது. அவ்வாண்டு சூன் 13 அன்று சுவீடனில் உள்ள ஆண்டர்ஸ்டார்ப் களத்தில் ஜோடி ஷெக்டர் முதலிடமும், பாட்ரிக் டெப்பாயே இரண்டாமிடமும் பெற்றனர். அக்டோபர் 24 அன்று புஜி களத்தில் நடந்த சப்பானியப் போட்டியில் டெப்பாயே இரண்டாவதாக வந்தார். அப்போட்டியில் வாகனத்தின் மீது சப்பானிய எழுத்துகள் இடம்பெற்றிருந்தன. 1977 இல் உடலமைப்பு அகலமாக்கப்பட்டது. நீல நிறத்துடன் வெள்ளையும் புதிய விளம்பரதாரரின் பெயரும் சேர்ந்தன.

ஆகவே 1977 ஆம் ஆண்டின் உடலில் ஷெக்டரின் பெயரை ஒட்டினால், அது எக்காலத்திலும் ஓடாத ஒரு வாகனமாகிவிடும். பொருட்களிலும் இதே கவனம் தேவை. கரியிழையாலான அடிக்கூடு பார்முலா 1 இல் முதலில் 1981 ஆம் ஆண்டின் மெக்லாரன் எம்.பி.4/1 மூலம் வந்தது. எனவே அலுமினிய அடிக்கூடு கொண்ட பி34 இல் கரியிழை நெசவுப் படத்தை ஒட்டுவது பிழையாகும். போட்டி நாளில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களே சிறந்த சான்றுகள். அருங்காட்சியகத்தில் உள்ள வாகனங்கள் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அவற்றை மட்டும் நம்புதல் கூடாது.

புகையிலை விளம்பரங்கள் மற்றொரு சிக்கலாகும். 1970களிலும் 1980களிலும் ஓடிய பல வாகனங்களின் நிற அமைப்பே சிகரெட்டு நிறுவனங்களுடையது. இச்சின்னங்களைப் பல தயாரிப்பாளர்கள் தொகுதிகளில் சேர்ப்பதில்லை. வரலாற்றுத் துல்லியத்தை விரும்புவோர் வேறு நிறுவனங்கள் தனியாக அச்சிட்டு விற்கும் படங்களைப் பயன்படுத்துகின்றனர்.

கட்டும் முறை

பாகங்களை ஆயத்தம் செய்தல்

வார்ப்பச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசப்பட்ட பொருளின் எச்சம் பாகங்களில் இருக்கலாம். அதை நீக்க, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர்த்துவர். பின்னர் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, அச்சின் இரு பகுதிகள் சேர்ந்த கோடுகளையும் தள்ளுமுளைகளின் வட்டத் தடங்களையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்குவர். ஒட்டாமலேயே ஒருமுறை பொருத்திப் பார்ப்பது இன்றியமையாதது. வண்ணம் பூசிய பின்னர் உடல் அடித்தளத்தின் மீது அமரவில்லையெனில் திருத்துவது கடினம்.

ஒட்டுதல்

பாலிஸ்டைரீன் பாகங்களுக்கான பசை உண்மையில் ஒரு கரைப்பான் ஆகும். அது இரு பரப்புகளையும் சிறிது கரைக்கின்றது. கரைப்பான் ஆவியானதும் அவை ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டதுபோல் இணைகின்றன. எனவே பூசிய வண்ணத்தை இணைப்பிடத்தில் சுரண்டி நீக்கிய பின்னரே ஒட்டவேண்டும். உலோகம், பிசின் ஆகியவற்றாலான பாகங்களைக் கரைப்பான் இணைக்காது. அவற்றுக்குச் சயனோஅக்ரிலேட்டுப் பசை தேவை. ஆனால் இப்பசையின் ஆவி ஒளிபுகும் பாகங்களில் வெண்படலத்தை உண்டாக்குவதால், கண்ணாடிகளுக்கு நீரில் கரையும் வெண்பசையைப் பயன்படுத்துவர்.

வண்ணம் பூசுதல்

முதற்பூச்சு, வண்ணத்தைப் பிடித்துக்கொள்ள உதவுவதோடு பரப்பில் எஞ்சிய கீறல்களையும் காட்டிக்கொடுக்கின்றது. சிவப்பு நெகிழியின் நிறமி மேலேயுள்ள வெள்ளை வண்ணத்தில் ஊடுருவி அதை இளஞ்சிவப்பாக்கக்கூடும். இதைத் தடுக்க வெள்ளிநிறப் பூச்சு ஒன்றை இடையில் கொடுப்பதுண்டு.

வண்ணத்தின் தடிப்பும் அளவுவிகிதத்துக்கு உட்பட்டதே. உண்மையான வாகனத்தில் 4 மில்லிமீட்டராக உள்ள தகட்டு இடைவெளி, 1/20 மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. இருபுறமும் 0.1 மில்லிமீட்டர் பூச்சு படிந்தால் அது முழுவதும் மூடிவிடும். இதனால் இக்கோடுகளை முன்னரே ஆழப்படுத்திக்கொண்டு, காற்றுத் தூரிகையால் பல மெல்லிய படலங்களாகப் பூசுவர். எனாமல் வண்ணத்தின் மீது லாக்கர் பூசினால் அடியிலுள்ள படலம் சுருங்கி மடிப்பு விழக்கூடும். லாக்கர் நன்கு உலர்ந்த பின் அதன்மீது எனாமல் பூசலாம்.

ஒட்டுப்படங்களும் மேற்பூச்சும்

எண்களும் சின்னங்களும் நீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் படங்களாக வழங்கப்படுகின்றன. பரப்பு பளபளப்பாக இல்லாவிடில் படத்தின் அடியில் காற்று தங்கி வெள்ளிபோல் மினுங்கும். வளைந்த இடங்களில் படத்தை மென்மையாக்கும் திரவத்தைத் தடவினால் அது பரப்போடு படிந்துவிடும்.

படங்கள் முழுவதும் உலர்ந்த பின்னர் நிறமற்ற மேற்பூச்சு பூசப்படும. லாக்கர் வகை மேற்பூச்சைத் தொடக்கத்திலேயே ஈரமாகப் பூசினால் படங்கள் கரைந்து சுருங்கலாம். ஆகவே முதலிரு படலங்கள் தூவலாக இருத்தல் வேண்டும். இறுகிய பூச்சை 2000 எண்ணும் அதற்கு மேற்பட்டதுமான உப்புத்தாள்களை நீரில் நனைத்துத் தேய்த்து, பின் மெருகுப் பசையால் துடைத்தால் கண்ணாடிபோன்ற பரப்பு கிடைக்கும். விளிம்புகளில் பூச்சு மெல்லியதாக இருப்பதால் அங்கு தேய்த்தலைத் தவிர்ப்பர்.

நுண்விவரங்கள்

இயந்திரத்துக்குரிய கம்பிகளும் குழாய்களும் பல தொகுதிகளில் இருப்பதில்லை. பி34 இல் இருந்த காஸ்வொர்த் டி.எப்.வி இயந்திரம் எட்டு உருளைகளைக் கொண்டது. எனவே தீப்பொறிச் செருகிகளுக்கு எட்டுக் கம்பிகள் தேவை. 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியை 1/20 இல் காட்ட 0.4 மில்லிமீட்டர் கம்பி பொருந்தும். இருக்கைப் பட்டிகளின் கொக்கிகளுக்கு வேதியரிப்பு முறையில் வெட்டிய மெல்லிய உலோகத் தகடுகள் பயன்படுகின்றன. டயர்களின் தரைபடும் பகுதியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால், ஓடிய டயரின் மங்கல் தோற்றம் கிடைக்கும்.

பாதுகாப்பு

பசை, லாக்கர், மெலிவூட்டி ஆகியவற்றின் ஆவி உடல்நலத்துக்குத் தீங்கானது. எளிதில் தீப்பற்றவும் கூடியது. காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பிலிருந்து விலகி, கரிம ஆவிகளைத் தடுக்கும் வடிகட்டி கொண்ட சுவாசக் கவசம் அணிந்தே இவற்றைக் கையாளவேண்டும். சாதாரணத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. இரு திரவங்களைக் கலந்து பூசும் யூரித்தேன் மேற்பூச்சுகளில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. இவை ஆத்துமாவை உண்டாக்கக்கூடியவை என்பதால் மாணவர்கள் தவிர்த்தல் நன்று. பிசின் பாகங்களை நீரில் நனைத்துத் தேய்ப்பதால் தூசி பறப்பது குறையும்.

பேணுதல்

முடிக்கப்பட்ட மாதிரிகளைத் தூசி படியாத ஒளிபுகும் பெட்டியில், நேரடிச் சூரிய ஒளி படாமல் வைப்பர். ஒளியினால் ஒட்டுப்படங்களின் நிறம் மாறக்கூடும். மென்மையான வினைல் டயர்களிலிருந்து கசியும் நெகிழ்வூட்டிப் பொருள், காலப்போக்கில் பாலிஸ்டைரீன் சக்கரங்களைக் கரைக்கலாம். இதைத் தடுக்கச் சக்கர விளிம்புகளில் வண்ணமோ உலோகத் தாளோ இடுவதுண்டு. மாதிரியின் அடியில் ஆண்டு, போட்டி, ஓட்டுநர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், எந்த நாளின் வாகனம் அது என்பது பிற்காலத்தில் பார்ப்போருக்கும் தெளிவாகும்.